உப்புத்தாளின் நான்கு நகங்கள்

மனிதர்கள் பிள்ளைகளுக்காக வாழ்கிறார்கள், பெயருக்காக வாழ்கிறார்கள், சிலர் பென்ஷனுக்காகவே வாழ்கிறார்கள். குலசேகரத்தில் எங்கள் தெருவில் ஒருவர் வலது கையின் நான்கு நகங்களுக்காக வாழ்கிறார். ஐந்தாவதான சுண்டுவிரல் நகத்துக்குக் கிதாரில் வேலை கிடையாது. அதனால் அதை மட்டும் ஒட்ட வெட்டி, அனாதையாக விட்டிருக்கிறார்.

எங்கள் பக்கம் ரப்பர் மரத்தில் பட்டை சீவுவதைப் பார்த்திருப்பவர்களுக்குத் தெரியும். கொஞ்சம் ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம், மேலோட்டமாகப் போனால் பால் வராது. அந்தக் கவனம் முழுவதையும் ஒருவர் தம் நகத்தின் மேல் வைத்தால் எப்படி இருக்கும்? அவருடைய சட்டைப் பையில் எப்போதும் மடித்த உப்புத்தாள் ஒன்று இருக்கும். தச்சர்கள் பலகையைத் தேய்க்கும் முரட்டுத் தாள் அல்ல. கார்களுக்குப் பெயிண்ட் அடிக்கும் பட்டறையில் கெஞ்சி வாங்கிய, தொட்டால் துணி போலிருக்கும் தாள். பேருந்தில் தேய்ப்பார். பல் டாக்டரிடம் காத்திருக்கும்போது தேய்ப்பார். ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தின் நடுவே, பின் வரிசையிலிருந்து சர்க் சர்க் என்று சத்தம் வரும். பிரசங்கம் நீண்டுபோன வாரங்களில் நகம் நன்றாக அமைந்ததாக அவரே சொல்லியிருக்கிறார்.

அவருக்கு 'உப்புத்தாள்' என்று பெயர் வைத்தது நான்தான். டீக்கடையில் ஒரு காலையில் சொன்னேன். சாயங்காலத்துக்குள் மீன்காரர் வரைக்கும் போய்விட்டது. கல்லூரியில் வரலாறு கற்பித்த காலம் முழுவதும் நான் சொன்ன எதுவும் அவ்வளவு வேகமாகப் பரவியதில்லை. அந்தப் பெயரை ஏன் வைத்தேன் என்பதை இந்த வயதில் மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. பின்னால் சொல்கிறேன்.

உப்புத்தாள் வளைகுடாவில் ஒரு ஓட்டலில் ஸ்டோர் கீப்பராக இருந்தவர். தங்கியிருந்த அறையின் அடுத்த கட்டிலில் பிலிப்பைன்ஸ்காரர் ஒருவர். வேலை முடிந்து வந்ததும் குளித்துவிட்டு, யாரோடும் பேசாமல் கிதாரை மடியில் வைத்து விரல்களால் வாசிப்பாராம். எங்கள் தேவாலயத்து வாலிபர்கள் கிதாரை வாசிப்பது பாத்திரம் விளக்குவது போல, மேலும் கீழும் ஒரே இழுப்பு. இது வேறு. கட்டைவிரல் தனியாக ஒரு பாட்டு பாடும், மற்ற விரல்கள் அதற்குப் பதில் சொல்லும். ஊருக்குத் திரும்பியதும் அதைப் படிப்பேன் என்று உப்புத்தாள் அந்தக் கட்டிலில் படுத்துக்கொண்டே முடிவு செய்தாராம். திரும்பியபோது தலை முழுக்க நரைத்திருந்தது. முடிவு நரைக்கவில்லை.

கடைத்தெருவில் ரப்பர் ஷீட் வாங்குகிற கடை ஒன்றின் மாடியில், ஒரு இளம் டீச்சர் கிதார் கற்றுக்கொடுத்தார். அங்கே உப்புத்தாள் சேர்ந்தார். கூடவே இன்னொரு கிழவரும் சேர்ந்தார். அது நான். ஓய்வு பெற்ற பின் மூளை துருப்பிடிக்காமல் இருக்கப் புதிதாக ஏதாவது கற்க வேண்டும் என்று எங்கோ படித்திருந்தேன். ரப்பர் வாடை ஏறிவரும் அந்த அறையில், யூனிபார்ம் போட்ட சிறுமிகளின் நடுவே நாங்கள் இருவரும் கிதாரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

இடது காலை உயர்த்தி வைக்க ஒரு சிறிய பலகை வேண்டும் என்றார் டீச்சர். உப்புத்தாள் மறுநாள் ஒரு குரண்டியோடு வந்தார். அவர் மனைவி சலோமி மீன் வெட்டும்போது உட்காரும் குட்டையான மரப்பலகை அது. அதன் பின்னாலேயே தெருப்பூனை ஒன்று மாடிப்படி ஏறி வந்து, வகுப்பு முடியும் வரை அவர் காலடியில் பக்தியோடு உட்கார்ந்திருந்தது. அன்றிலிருந்து அந்த வீட்டில் ஒரு சட்டம் அமலுக்கு வந்தது. குரண்டி முன்னறையில் இருந்தால் மீன் கறி கிடையாது, அடுக்களையில் இருந்தால் கிதார் கிடையாது. தெருவில் நடக்கும்போதே அந்த வீட்டின் மதியச் சாப்பாடு என்ன என்று எங்களுக்குத் தெரிந்துவிடும்.

நான் இரண்டாவது மாதத்தில் நின்றுவிட்டேன். விரல் நுனி வலித்தது உண்மை. ஆனால் நின்றதற்கு அது காரணமல்ல. டீச்சர் ஒரு நாள் என்னிடம், "சாறே, இன்னொருக்கா முதல்ல இருந்து," என்றார். எங்கள் பக்கம் வாத்தியாரைச் 'சாறு' என்றுதான் கூப்பிடுவார்கள். அதற்குள் மூன்று தடவை சொல்லியிருந்தார். எத்தனையோ பேரை மறுபடி எழுதச் சொன்ன எனக்கு, மறுபடி என்று கேட்கிற பழக்கம் இல்லை. ஊரில் கேட்டவர்களிடம் நேரமில்லை என்று சொன்னேன். பென்ஷன்காரனுக்கு நேரமில்லை! அதையும் நம்பினார்கள்.

உப்புத்தாளிடம் டீச்சர் என்னிடம் சொன்னதைவிட அதிகத் தடவை "முதல்ல இருந்து" என்றிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் அவர், "செரி டீச்சரே," என்று சொல்லிவிட்டு, ஏதோ பரிசு கிடைத்தது போல முதலிலிருந்து தொடங்குவார்.

நகம் வளர்க்கச் சொன்னதும் டீச்சர்தான். அதற்குப் பிறகு அந்த வலது கை உலக வாழ்க்கையிலிருந்து துறவு பெற்றுவிட்டது. பேருந்தில் இடது கையால் மட்டும் கம்பியைப் பிடித்து, வளைவுதோறும் யார் மடியிலாவது உட்கார்ந்தார். தேவாலயத்தில் ஒருவருக்கொருவர் கை கொடுத்துச் சமாதானம் சொல்லும் நேரத்தில் இடது கையை நீட்டினார். புதிதாக வந்த போதகர், எங்கள் வழக்கில் ஐயர், முகம் சுருங்கிப்போய், ஆராதனை முடிந்ததும் என்னிடம், "அவருக்கு என்கூட என்ன வருத்தம்?" என்று விசாரித்தார். சக்கைப்பழக் காலத்தில் ஊரே கையில் எண்ணெய் தடவிக்கொண்டு சுளை பிரிக்கும்போது, இவர் கையைக் கட்டிக்கொண்டு வாயை மட்டும் திறந்து நிற்பார்.

"கல்யாணம் களிஞ்ச நாள் தொட்டு ஒரு பாத்திரம் களுவாத மனுசன்," என்றாள் சலோமி என்னிடம். "இப்ப நகத்தச் சொல்லித் தப்பிக்கியாரு. முந்தி எதச் சொல்லித் தப்பிச்சாருண்ணு கேளும் சாறே."

சாப்பாடுதான் பெரிய பிரச்சினை. குழம்புச் சோற்றில் ஊறினால் நகம் பூவாகிவிடும் என்று ஸ்பூனுக்கு மாறினார். வீட்டில் சரி. விருந்துக்குப் போனாலும் கைக்குட்டையில் சுற்றிய ஒரு ஸ்பூன் கூடவே போகும். எங்கள் ஊர்க் கல்யாணப் பந்தியில் பாயசத்தை இலையில் ஊற்றி, அதில் பப்படத்தையும் மட்டி வாழைப்பழத்தையும் போட்டுப் பிசைந்து, ஓடுவதை விரலால் வழித்துச் சாப்பிட வேண்டும். அதை ஸ்பூனால் சாப்பிடுகிறவரை எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். பக்கத்து இலைக்காரரிடம், "இந்தப் பப்படத்தக் கொஞ்சம் நொறுக்கித் தாரும்," என்று வேறு கேட்பார்.

இவ்வளவும் எதற்கு? ஒரே ஒரு பாட்டுக்கு. ஸ்பெயின் தேசத்து மெட்டு ஒன்றை டீச்சர் கொடுத்திருந்தார். சின்னது, தொடங்கினால் டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும் என்றார். உப்புத்தாள் ஐந்தாறு வருடங்களாக அதை வாசித்தார், முடியவில்லை. பாட்டின் நடுவில் ஓரிடத்தில் இடது கையின் ஆட்காட்டி விரலை ஆறு கம்பிகளின் குறுக்கே படுக்கவைத்து, எல்லாவற்றையும் ஒரேயடியாக அமுக்க வேண்டும். திருவட்டாறு பக்கத்தில் ஆற்றின் குறுக்கே நீட்டிப் படுத்திருக்கும் தொட்டிப்பாலத்தை நினைத்து, அவர் அந்த இடத்துக்குப் 'பாலம்' என்று பெயர் வைத்திருந்தார். பாலம் வரைக்கும் வருவார். அங்கே தகரத்தில் கல் விழுந்தது போல ஒரு சத்தம் வரும். நின்றுவிடுவார். மறுபடி முதலிலிருந்து.

கேட்டுக் கேட்டு அந்த மெட்டு தெருவுக்கே பாடமாகிவிட்டது. மீன்காரர் ஸ்கூட்டரில் விசிலடித்துக்கொண்டு வருவார். பாலம் வந்ததும் விசில் நின்றுவிடும். என் மனைவி டீயைக் கலக்கிக்கொண்டே முணுமுணுப்பாள். அங்கே வந்ததும் கரண்டி நின்றுவிடும். அதற்குமேல் என்ன என்று எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது.

முதல் வருடத்திலேயே சலோமி ஒரு வார்த்தை சொல்லிவிட்டாள். "முளுசா ஒண்ணு வாசியும். அப்ப நான் வந்து இருந்து கேப்பேன். அது வரைக்கும் என்ன விளிக்கப்பிடாது." சொன்னபடியே இருந்தாள். அவர் கிதாரை எடுத்தால் அவள் அடுக்களைக்குப் போய்விடுவாள். கோபமெல்லாம் இல்லை. சொன்ன வார்த்தை, அவ்வளவுதான். ஆனால் அவர் ஒவ்வொரு தடவை பாலத்தில் விழும்போதும் அடுக்களைப் பக்கம் ஒரு பார்வை பார்ப்பதை நான் கவனித்திருக்கிறேன்.

சென்ற வருடம் அவர்களுடைய மகளுக்கு ஆஸ்திரேலியாவில் பிரசவம் என்று வந்தது. சலோமி ஆறு மாதம் போய் இருக்க வேண்டும். கிளம்புவதற்கு முந்தைய சனிக்கிழமை சாயங்காலம் வீட்டில் ஒரு ஜெபக்கூட்டம் ஏற்பாடாயிற்று. அந்த வாரத்தில் ஒரு நாள் உப்புத்தாள் என்னை மதில் ஓரத்துக்குக் கூப்பிட்டு, சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு மெல்லச் சொன்னார்.

"சாறே, பாலம் தாண்டியாச்சு."

"உள்ளதாவே?"

"நேத்து ரண்டு மட்டம் தாண்டினேன். அவ சந்தைக்குப் போன நேரம். ஆருட்டயும் பறையாதயும். சனியாச்ச அவ இருந்து கேப்பா."

அவர் கண் நிறைந்திருந்தது. நான் "கொள்ளாம், நல்லது" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் வந்தேன். எனக்குச் சந்தோஷமாக இல்லை. அதை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

அந்தச் சனிக்கிழமைக்கு முந்தைய நாள் என் பேத்தியின் கல்யாணம். பந்தியில் உப்புத்தாள் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். எதிரே மாப்பிள்ளை வீட்டார். கைக்குட்டையைப் பிரித்து ஸ்பூனை எடுத்ததும் மாப்பிள்ளையின் பெரியப்பா என்னிடம் குனிந்து, "அவருக்கு கையில ஏதாவது சொகமில்லையா?" என்று கேட்டார்.

நான் சிரித்துச் சமாளித்திருக்கலாம். "ஓய், அத உள்ள வையும். கையால தின்னும்," என்றேன்.

"சாறே, நாளைக்கு…"

"நாளைக்கு உமக்க நகம் ஓடிப்போவாது. எனக்க வீட்டுக் கல்யாணத்தில என்ன நாணங்கெடுத்தாதயும்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு ஸ்பூனைக் கைக்குட்டையில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு, பல வருடங்களுக்குப் பிறகு கையால் சாப்பிட்டார். சோறு, பருப்பு, சாம்பார் எல்லாம் பத்திரமாகக் கடந்தன. கடைசியில் பாயசம் வந்தது. பப்படத்தை நொறுக்கினார், பழத்தைப் பிசைந்தார், வழித்தார். பந்திக்கு இரண்டு மேசைகளைச் சேர்த்துப் போட்டிருந்தார்கள். அவருடைய இலை சரியாக அந்த இடுக்கின் மேல் இருந்தது. இலை கிழிந்து, நடுவிரல் நகம் இடுக்கில் மாட்டி, டிக் என்றது. கேட்டவர்கள் பப்படம் என்று நினைத்தார்கள். பப்படம் இல்லை என்பது அந்தப் பந்தியில் இரண்டு பேருக்குத்தான் தெரிந்தது.

அவர் சத்தம் போடவில்லை. உடைந்த துண்டை எடுத்து, ஸ்பூன் இருந்த கைக்குட்டையிலேயே முடிந்துகொண்டார். கை கழுவும் இடத்தில் என் பக்கத்தில் நின்று, "பாயசம் கொள்ளாம் சாறே," என்றார்.

என்னைத் திட்டியிருந்தால் அன்று இரவு நான் தூங்கியிருப்பேன்.

மறுநாள் விடிந்ததும் அவர் வீட்டுக்குப் போனேன். டீச்சர் போனில் ஒரு வைத்தியம் சொல்லியிருந்தார். டேபிள் டென்னிஸ் பந்தை நகத்தின் அளவுக்கு வெட்டி, சூப்பர் பசையால் ஒட்டிக்கொள்ளலாமாம். கிதார்காரர்கள் செய்வதுதானாம். பந்து நான் கொண்டுவருகிறேன் என்று கிளம்பினேன். கடைத்தெரு முழுக்க அலைந்தேன். கிரிக்கெட் பந்து இருந்தது, ரப்பர் பந்து இருந்தது, இதுமட்டும் இல்லை. கடைசியில் வாலிபர் சங்க அறையில் ஒரு டேபிள் டென்னிஸ் மேசை இருப்பது நினைவு வந்து, ஐயர் வீட்டுக் கதவைத் தட்டினேன்.

"ஒரு பந்து வேணும் ஐயரே."

ஐயர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வெளையாடவா சாறே? டாக்டருட்ட கேட்டியளா?"

"வெட்டுகதுக்கு," என்றேன். அவர் அதற்குமேல் எதுவும் கேட்காமல் பந்தைக் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

பந்தை வெட்டியது உப்புத்தாள். ஒட்டியது நான். என் கை நடுங்கும் என்பதை மறந்துவிட்டேன். பசை வழிந்து, பந்துத் துண்டு அவர் விரலில் ஒட்டியதோடு, என் கட்டைவிரலும் அவர் விரலோடு ஒட்டிக்கொண்டது. இழுத்தால் தோல் வரும் போலிருந்தது. சத்தம் கேட்டு வெளியே வந்த சலோமி, கை கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த எங்களைப் பார்த்தாள்.

"நேத்துதான் பேத்திக்குக் கல்யாணம் களிஞ்சு. இண்ணு சாறுக்கா?"

சுடுவெள்ளமும் சோப்பும் கொண்டுவந்து வைத்துவிட்டு, அவள் பெட்டி கட்டப் போய்விட்டாள். ஒரு கிண்ணத்தில் இரண்டு கைகளும் ஊறிக்கொண்டிருந்தன. சொல்வதானால் அப்போது சொல்லியிருக்க வேண்டும். பந்தியில் நான் அப்படிச் சொன்னது மாப்பிள்ளை வீட்டாருக்காக அல்ல. நான் பாதியில் விட்டதை இவர் விடவில்லை. அதை எனக்குத் தாங்க முடியவில்லை. பெயர் வைத்ததும் அதனால்தான், ஸ்பூனை உள்ளே வைக்கச் சொன்னதும் அதனால்தான். வாய் வரைக்கும் வந்தது. அந்த நேரம் பார்த்து விரல் விடுபட்டுவிட்டது.

சாயங்காலம் ஜெபக்கூட்டம். பாட்டு முடிந்தது, வேதபாடம் முடிந்தது. ஜெபம் நடத்த வந்த சபை உபதேசியார் விமானத்தையும் விமானியையும் வழியிலுள்ள கடல்கள் ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி ஜெபித்தார். பிறகு உப்புத்தாள் குரண்டியில் கால் வைத்து உட்கார்ந்தார். வாசிக்கத் தொடங்கியதும் சலோமி வழக்கம்போல எழுந்து அடுக்களைக்குப் போனாள்.

கேட்டுப் பழகிய மெட்டு வந்துகொண்டிருந்தது. நன்றாகவே வந்தது. எல்லோருக்கும் தெரிந்ததால், பாலம் நெருங்க நெருங்க அறையில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. பாலத்துக்குச் சற்று முன்னால் பந்துத் துண்டு பிய்த்துக்கொண்டு பறந்து, உபதேசியாரின் கண்ணாடியில் பட்டு விழுந்தது. உப்புத்தாள் நின்றுவிட்டார். எப்போதும் நிற்கும் அதே இடம்.

யாரோ கை தட்டினார். பாட்டு அவ்வளவுதான் என்று அவருக்கு நினைப்பு. மற்றவர்களும் தட்டினார்கள். நாற்காலிகள் நகர்ந்தன. டீ எங்கே என்று ஒரு குரல் கேட்டது. உப்புத்தாள் தன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுக்களையிலிருந்து சலோமியின் குரல் வந்தது.

"பொறவு?"

எல்லோரும் அடுக்களைப் பக்கம் திரும்பினார்கள்.

"பொறவு என்ன வரும்? இத்தற வருசமா இது வரைக்கும்தான கேட்டேன். நான் அங்க போயி, அடுப்புல நிண்ணுக்கிட்டு, பொறவு என்னண்ணு யோசிச்சிட்டே இருக்கணுமா?"

உப்புத்தாள் மறுபடி குனிந்தார். நகம் இல்லாத விரலின் சதையால் தொட்டார். பாலத்தில் விரல் படுத்தது. தகரச் சத்தம் வரவில்லை. ஆனால் நகம் இல்லாததால் பாட்டு மிகவும் சன்னமாக, பக்கத்து அறையில் யாரோ பேசுவது போல வந்தது. முன்வரிசைக்கே சரியாகக் கேட்கவில்லை. எல்லோரும் முன்னால் சாய்ந்தார்கள். நான் எழுந்து மின்விசிறியை நிறுத்தினேன். அடுக்களைக்கு எப்படிக் கேட்கும்? சலோமி வாசல்படி வரை வந்தாள். அங்கும் கேட்கவில்லை. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்து, அவள் குரண்டியில் அவர் கால் இருந்ததால், அதன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, கிதாரின் பக்கம் காதைச் சாய்த்தாள்.

பாலத்துக்கு அந்தப் பக்கம் பெரிதாக ஒன்றும் இல்லை. முதலில் வந்த மெட்டுதான் திரும்பி வந்தது, கொஞ்சம் தாழ்ந்து, ஊர் சுற்றிவிட்டு வீட்டுக்கு வந்தவன் மாதிரி. முடிந்தது.

"இம்புட்டுதானா?" என்றாள் சலோமி.

"அவ்வளவுதான்," என்றார் அவர்.

அவள் எழுந்திருக்கவில்லை. பிறகு, "இன்னும் ஒரு மட்டம் வாசியும்," என்றாள்.

நகம் உடைந்ததால்தான் அவள் அவ்வளவு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள், எல்லாம் சாறுக்க புண்ணியம் என்று உப்புத்தாள் இன்றைக்கும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். எனக்கு அந்த நன்றி நெருஞ்சி முள் மாதிரி. என் குணத்தால் நடந்த தீமையை அவருடைய குணம் நன்மையாக மாற்றிக்கொண்டது, அவ்வளவுதான். இந்தப் பத்திரிகையை அவர் ஒரு வரி விடாமல் படிப்பார். சலோமி திரும்பி வந்துவிட்டாள், அவளுக்கும் சத்தமாகப் படித்துக் காட்டுவார். நேரில் சொல்லத் தைரியமில்லாததை இப்படிச் சொல்லிவிட்டேன். அவர் பெயர் உப்புத்தாள் அல்ல, தங்கராஜ் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நகம் மறுபடி வளர்ந்துவிட்டது. இப்போது எந்தக் கல்யாணத்துக்கும் நாங்கள் சேர்ந்துதான் போகிறோம். அவர் மறந்துவிட்டால் ஆகாதே என்று என் சட்டைப் பையிலும் ஒரு ஸ்பூன் இருக்கும். பாயசம் வந்ததும் அவர் கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பார். அவர் இலையில் பப்படத்தை நொறுக்கிப் போடுவது நான்.